டிஎஃப்பிளேயர் மினி, எச்சி-12, டிபிஏ3118: கம்பியில்லா கேம் காலர் கட்ட எது தேறும்?

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு விலங்கையோ பறவையையோ அருகே வரவழைக்கும் கருவிதான் கேம் காலர். ஸ்பீக்கர் பெட்டியைப் புதரோரம் வைத்துவிட்டு, நூறு மீட்டர் தள்ளி மறைந்திருந்து ரிமோட்டில் இயக்க வேண்டும். குரல் வரும் இடத்தைத்தான் விலங்கு உற்றுப் பார்க்கும். அங்கே ஆள் இல்லாமல் இருப்பதுதான் கம்பியில்லாமல் கட்டுவதன் முழுப் பயன். வேட்டைக்காரர்கள் மட்டுமல்ல, படமெடுப்பவர்களும் கணக்கெடுப்பவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதை வீட்டில் கட்ட மூன்று வேலைகளுக்கு மூன்று மாட்யூல், அதாவது ஆயத்தச் சுற்றுப் பலகை, வேண்டும்: குரலை வாசிக்க ஒன்று, பெருக்க ஒன்று, கட்டளையைக் காற்றில் அனுப்ப ஒன்று. எளிதில் கிடைக்கும் மாட்யூல்களில் டிஎஃப்பிளேயர் மினி, டிபிஏ3118 ஆம்ப், எச்சி-12 ரேடியோ ஆகிய மூன்றும்தான் சரியான சேர்க்கை என்பது இந்த மதிப்புரையின் முடிவு. ஆனால் மேசைமேல் தனித்தனியாக ஒழுங்காக ஓடுகிற இந்த மூன்றும் ஒரே பெட்டிக்குள் போனதும் ஒன்றையொன்று கெடுக்கும். கட்டி முடித்தவர்கள் புலம்பும் கோளாறுகளில் பெரும்பாலானவை மாட்யூலின் தரத்தால் வருவதில்லை. கிரவுண்ட் (எல்லாச் சுற்றுக்கும் பொதுவான மைனஸ்) வயர் போன வழியும் ஆன்டெனா உட்கார்ந்த இடமும்தான் காரணம். அதனால் எதை வாங்குவது என்பதோடு எப்படி இணைப்பது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்பே இரண்டு சட்டங்களைப் பார்த்துவிடுங்கள். எந்த உயிரினத்துக்கு மின்னணுக் குரலைப் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில்கூட இடம்பெயரும் வேட்டைப் பறவைகளுக்குப் பதிவுசெய்த குரலைப் பயன்படுத்தக் கூட்டரசு விதி பொதுவாகத் தடை விதிக்கிறது. ரிமோட் பேசும் 433 மெகாஹெர்ட்ஸில் எத்தனை மில்லிவாட் அனுப்பலாம் என்பதும் அப்படியே. படமெடுப்பவர்கள் இனப்பெருக்கக் காலத்தில் பறவைக்குரலை ஒலிக்கவே கூடாது. கூட்டிலிருக்கும் பறவை முட்டையை விட்டுவிட்டு எதிரியைத் தேடி வந்துவிடும்.

டிஎஃப்பிளேயர் மினி

பதினாறு பின், ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு ஸ்லாட், 3.2 முதல் 5 வோல்ட். இவ்வளவுதான் வெளியே தெரிவது. எம்பி3, வேவ் இரண்டையும் வாசிக்கும். ஃபேட்16 அல்லது ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்த 32 ஜிபி வரையிலான கார்டை ஏற்கும். அதற்கு மேல் கொள்ளளவுள்ள கார்டு எக்ஸ்ஃபேட்டில் வரும் என்பதால் மாட்யூல் அதைக் கண்டுகொள்ளாது. 9600 பாட் வேகச் சீரியலில், அதாவது ஒற்றை வயரில் பிட் பிட்டாக, கட்டளை வாங்கும். கேம் காலருக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது.

இதில் அதிகம் பேரைக் குழப்புவது பாட்டு வரிசை. “மூன்றாவது டிராக்கை வாசி” என்று சொன்னால், பெயரில் மூன்று என்று இருக்கும் கோப்பை அது வாசிக்காது. கார்டில் மூன்றாவதாக எழுதப்பட்ட கோப்பை வாசிக்கும். முயல் கதறலை அழுத்தினால் காக்கைக் கூச்சல் வருவது இதனால்தான். தீர்வு எளிது. கார்டில் எம்பி3 என்ற பெயரில் ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, கோப்புகளின் பெயரை 0001, 0002 என்று நான்கு இலக்கத்தில் தொடங்க வேண்டும். கட்டளை 18 அந்த ஃபோல்டருக்குள் பெயரிலுள்ள எண்ணைப் பார்த்து வாசிக்கும். எழுதிய வரிசை பொருட்டில்லை. மேக் கணினியில் கார்டை எழுதினால் புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகள் சேர்ந்துவிடும். அவற்றை அழித்துவிட்டுத்தான் கார்டைக் கழற்ற வேண்டும்.

ஆடியோவை எங்கிருந்து எடுப்பது என்பது அடுத்த பொறி. எஸ்பிகே1, எஸ்பிகே2 என்ற இரு பின்களும் உள்ளேயிருக்கும் 3 வாட் ஆம்பின் பிரிட்ஜ் வெளியீடு. இரண்டுமே உயிருள்ள முனைகள். இவற்றில் எதையும் கிரவுண்டில் தொடக் கூடாது. ஒன்றை வெளி ஆம்பின் இன்புட்டிலும் மற்றதை அதன் கிரவுண்டிலும் கொடுத்தால் குரல் கரகரக்கும், உள் ஆம்ப் சூடேறிச் செத்துப்போகவும் கூடும். வெளி ஆம்புக்கு எடுக்க வேண்டியது 4, 5-ஆம் பின்கள்: டிஏசி-ஆர், டிஏசி-எல் என்ற வலது, இடது ஆடியோ வெளியீடுகள். இரண்டிலும் தலா 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு ஒன்றாகச் சேர்த்தால் மோனோ ஆகிவிடும். இந்தப் பின்களில் டிசி மின்னழுத்தமும் நிற்கும். எனவே 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரையிலான ஒரு கெபாசிட்டர் வழியாகத்தான் ஆம்புக்குப் போக வேண்டும். ஆம்ப் போர்டின் இன்புட்டில் ஏற்கெனவே கெபாசிட்டர் இருந்தால் இது தேவையில்லை.

குறை என்று சொல்ல வேண்டியது நகல்களை. அசலில் ஒய்எக்ஸ்5200-24எஸ்எஸ் என்ற சிப் இருக்கும். எம்எச்2024கே, ஜிடி3200 என்று வேறு சிப்கள் ஏறிய போர்டுகளும் அதே பெயரில் விற்கின்றன. அவற்றில் சில எல்லாக் கட்டளைகளையும் ஒரே மாதிரி மதிப்பதில்லை. சில ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்குகையில் ‘டப்’ என்று அடிக்கும். காட்டில் அந்த ஒரு ‘டப்’ போதும், வந்துகொண்டிருந்தது திரும்பிப் போய்விடும். சாலிடர் செய்யுமுன் ஹெட்ஃபோனை 4, 5-ஆம் பின்களுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு கெபாசிட்டரோடு வைத்துக் கேளுங்கள்: வாசிக்காத நேரத்தில் இரைச்சல் எவ்வளவு, தொடக்கத்திலும் முடிவிலும் என்ன சத்தம் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அசலில் எஞ்சும் சிறு இரைச்சலுக்கும் ‘டப்’புக்கும் அழகான ஒரு மருந்து உண்டு. 16-ஆம் பின்னின் பெயர் பிஸி. அதன் வோல்ட் வாசிக்கும்போது தாழ்ந்து, சும்மா இருக்கும்போது உயர்ந்து நிற்கும். டிபிஏ3118 சிப்பின் மியூட் பின் உயர்ந்தால் வாயை மூடும், தாழ்ந்தால் திறக்கும். இரண்டையும் நேரே இணைத்தால் வாசிக்காத நேரமெல்லாம் ஆம்ப் முழு மௌனம். பல ஆம்ப் போர்டுகளில் மியூட் பின்னைக் கிரவுண்டோடு நிரந்தரமாகக் கட்டியிருப்பார்கள். மீட்டரில் பார்த்து, கட்டியிருந்தால் அந்த ரெசிஸ்டரையோ ஜம்பரையோ எடுத்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். குரலின் முதல் எழுத்து விழுங்கப்படாமல் இருக்க ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் அரை நொடி மௌனம் விடுங்கள்.

ஆம்பும் ஹார்னும்

டிபிஏ3118 மோனோ போர்டைப் பெரும்பாலும் ‘60 வாட்’ என்று எழுதியே விற்கிறார்கள். 12 வோல்ட் பேட்டரியில் அது கிடைக்காது, கணக்கு எளிது. பிரிட்ஜ் ஆம்பின் உச்சம் ஏறக்குறைய சப்ளை வோல்ட் அளவே. 12 வோல்ட் உச்சத்துக்கு ஆர்எம்எஸ் 8.5 வோல்ட். அதை 8 ஓமில் கொடுத்தால் 9 வாட், 4 ஓமில் கொடுத்தால் 18 வாட். 60-க்கு 24 வோல்ட் சப்ளை வேண்டும். இதனால் போர்டு மட்டம் என்று ஆகாது; 9 வாட்டே தாராளம். ஏன் என்பதற்குப் புனல் வடிவ ஸ்பீக்கரான ஹார்னைப் பார்க்க வேண்டும்.

நான்கு அங்குலச் சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் அளவில் ஒலிக்கும். ஒலிபெருக்கி ஹார்ன் அதே ஒரு வாட்டில் 105 தொடும். இடையில் 18 டெசிபெல். மின்சாரத்தில் சொன்னால் 60 மடங்குக்கு மேல். அதாவது ஹார்னில் ஒரு வாட் தருவதைச் சாதாரண ஸ்பீக்கரில் பெற 60 வாட் கொட்ட வேண்டும், அந்த ஸ்பீக்கரும் அதைத் தாங்காது. ஹார்னுக்கு 9 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 114, 115 டெசிபெல். தூரம் இரட்டிக்கும்போது 6 குறையும் என்பதால் திறந்த வெளியில் நூறு மீட்டரில் 75 மிஞ்சும். விலங்கின் காதுக்கு அது ஏராளம். பணமும் எடையும் எங்கே போட வேண்டும் என்று கேட்டால் ஹார்னில் போடுங்கள். பெரிய ஆம்பில் அல்ல.

ஹார்ன் வாங்கும்போது பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். 70 அல்லது 100 வோல்ட் லைன் என்று எழுதி, வாட் தேர்வு செய்யும் திருகு இருந்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று பொருள். அதை அப்படியே இணைத்தால் குரல் கொசு ரீங்காரம்போல் வரும், ஆம்பைக் குறைசொல்லிக்கொண்டிருப்போம். டிரைவருக்கு நேரே போகும் 8 ஓம் முனை இருக்கும் ஹார்ன்தான் வேண்டும். மீட்டரில் டிசி தடை 6, 7 ஓம் காட்டினால் சரி.

ஹார்னின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். சிறிய ஹார்ன்கள் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. முயல் கதறல், குஞ்சுகளின் கீச்சு, எலியின் சத்தம் எல்லாம் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலேயே பெரும்பாலும் இருப்பதால் ஹார்னுக்கென்றே செய்தவை போலிருக்கும். மான்களின் அடித்தொண்டை உறுமல் இதில் எடுபடாது. அதற்கு ஆறரை அங்குலக் கூம்பு ஸ்பீக்கரும் கூடுதல் பேட்டரியும்தான் வழி. ஹார்னால் வாசிக்க முடியாத கீழ்ஸ்தாயி அதன் டயஃப்ரமை வீணாக ஆட்டிக் கிழிக்கும், ஆம்பின் திறனையும் தின்னும். காற்று இரைச்சலோடு வெளியில் பதிவான கோப்புகளில் இது அதிகம். எனவே ஆடியோ மென்பொருளிலேயே 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலுக்கு நார்மலைஸ் செய்து, மோனோவாக 44.1 கிலோஹெர்ட்ஸில் சேமித்துவிடுங்கள். கோப்புகளைத் திருத்த முடியாதவர்கள் ஹார்னோடு தொடராக 47 மைக்ரோஃபாரட் பைபோலார் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டால் 8 ஓமில் ஏறக்குறைய அதே 420 ஹெர்ட்ஸில் வெட்டும். சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் இங்கே கூடாது, வீங்கிவிடும்.

ஆம்பின் கெயினை, அதாவது பெருக்கும் மடங்கை, குறைவாக வையுங்கள். 26 டெசிபெல் என்றால் 20 மடங்கு. 12 வோல்ட் சப்ளையில் இன்புட் 0.6 வோல்ட் உச்சம் தொட்டதுமே அலையின் தலை வெட்டுப்படும். சில போர்டுகளில் கெயின் 32 டெசிபெல், அதாவது 40 மடங்கு, அங்கே 0.3 வோல்ட்டிலேயே வெட்டும். பிளேயருக்கும் ஆம்புக்கும் இடையே 10 கிலோஓம் பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றைப் போட்டு, பிளேயர் வால்யூம் உச்சமான 30-ல் இருக்கும்போது குரல் பிசிறடிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே திருப்பிப் பூட்டிவிடுங்கள். பிறகு வால்யூம் முழுவதும் ரிமோட்டிலேயே.

மாற்று ஆம்புகளைப் பற்றிச் சுருக்கமாக: பிஏஎம்8403 சின்னது, மலிவு, 5 வோல்ட், சேனலுக்கு 3 வாட். ஐம்பது மீட்டருக்குள் பறவைக்குரல் என்றால் நல்ல ஹார்னோடு சேர்ந்து அதுவே போதும். ஆனால் 5.5 வோல்ட்டைத் தாண்டினால் புகைந்துவிடும், 12 வோல்ட் தவறி ஒருமுறை பட்டாலே முடிந்தது. டிடிஏ7297 கிளாஸ் ஏபி வகை, டிபிஏ3118 போல அணைந்து அணைந்து எரியும் கிளாஸ் டி அல்ல. ரேடியோவுக்குத் தொந்தரவே தராது, அது பெரிய நன்மை. பேட்டரியைக் குடிக்கும், ஹீட்சிங்க் கேட்கும். எடை பொருட்டில்லாதவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

ரேடியோ: பொத்தான் ரிமோட்டா, எச்சி-12-ஆ?

பலரும் தொடங்குவது கேட் திறக்க விற்கும் நான்கு பொத்தான் ரிமோட்டில். அதன் ரிசீவரில் பிடி2272 சிப்போ, கற்றுக்கொள்ளும் இவி1527 வகையோ இருக்கும். புரோகிராம் எழுதத் தேவையில்லை என்பது இதன் ஈர்ப்பு. பிளேயரின் 9-ஆம் பின் ஐஓ1, 11-ஆம் பின் ஐஓ2. இவற்றைக் கிரவுண்டில் ஒரு கணம் தொட்டால் முந்தைய, அடுத்த கோப்பு. அழுத்திப் பிடித்தால் வால்யூம் குறையும், கூடும்.

ஆனால் ரிசீவரின் நான்கு வெளியீடுகளும் பொத்தானை அழுத்தினால் 5 வோல்ட்டுக்கு உயர்பவை; பிளேயர் கேட்பதோ கிரவுண்டுக்குத் தாழ்வது. நேரே இணைத்தால் ஒன்றும் நடக்காது, அல்லது அழுத்தாத நேரமெல்லாம் பொத்தான் அழுத்தியதாகப் பிளேயர் நினைத்துக்கொண்டு தாறுமாறாக நடக்கும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர் வேண்டும்: வெளியீட்டிலிருந்து 10 கிலோஓம் வழியாக பிசி547-ன் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டில், கலெக்டர் ஐஓ பின்னில். ரிசீவர் வாங்கும்போது எம்4 என்று முடியும் சிப்பைக் கேட்டு வாங்குங்கள். அழுத்தும்வரை மட்டும் உயர்ந்திருப்பது அதுதான். எல்4, டி4 வகைகள் அழுத்திய நிலையைப் பிடித்துக்கொள்ளும். வால்யூம் ஒரு முனைக்கு ஓடிப்போய் நிற்கும்.

பிடி2262 சிப் உள்ள ரிமோட்டுக்கு இன்னொரு பொருத்தமும் பார்க்க வேண்டும். ரிமோட்டின் ஆசிலேட்டர் ரெசிஸ்டர் 4.7 மெகாஓம் என்றால் ரிசீவரில் 820 கிலோஓம், 3.3 மெகாஓமுக்கு 680 கிலோஓம். தனித்தனியாக வாங்கிய ஜோடி பேசாமல் போவது பெரும்பாலும் இதனால். முகவரிப் பின்களைக் கடையிலிருந்து வந்தபடி திறந்தே விட்டால் அக்கம்பக்கத்து ரிமோட்டும் உங்கள் பெட்டியை இயக்கும். இவி1527-ல் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் 20 பிட் அடையாளம் இருப்பதால் அந்தக் கவலை மிகக் குறைவு.

இதன் உண்மையான பலவீனம் தூரத்தின் விளிம்பில் தெரியும். சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, நீங்கள் வால்யூமுக்காக அழுத்திப் பிடித்தது பிளேயருக்குப் பல குறும் அழுத்தங்களாகப் போய்ச் சேரும். வால்யூம் கூடுவதற்குப் பதில் கோப்பு மாறும். முயல் பாதியில் நரியாகும். ஐம்பது மீட்டருக்குள் கட்டுபவர்களுக்கு இது பிரச்சினையில்லை. சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவர் வாங்கினால் இன்னும் கொஞ்சம் நீளும். மலிவான சூப்பர்ரீஜெனரேடிவ் ரிசீவர், கிளாஸ் டி ஆம்ப் உள்ள பெட்டிக்குள் வேலைக்கே ஆகாது.

எச்சி-12 இங்கே வேறு தளத்தில் நிற்கிறது. 433.4 முதல் 473 மெகாஹெர்ட்ஸ் வரை 100 சேனல், அதிகபட்சம் 100 மில்லிவாட், 3.2 முதல் 5.5 வோல்ட். ஒரு முனையில் சீரியலில் போட்டது மறுமுனையில் அப்படியே வெளிவரும். தொழிற்சாலை அமைப்பிலேயே 9600 பாட். டிஎஃப்பிளேயரும் 9600 பாட். அதனால் பெட்டிக்குள் மைக்ரோகன்ட்ரோலரே வேண்டாம்: எச்சி-12-ன் டிஎக்ஸ்டி பின்னை 1 கிலோஓம் வழியாகப் பிளேயரின் ஆர்எக்ஸ், அதாவது 2-ஆம் பின்னில் இணைத்தால் போதும். எச்சி-12-ன் லாஜிக் 3.3 வோல்ட் என்பதால் பிளேயருக்கும் பாதுகாப்பு. ரிமோட்டில் இருக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு பிளேயரின் மொழியிலேயே பேசும். எச்சி-12-ன் செட் பின்னை எதிலும் இணைக்காமல் விடுங்கள். தாழ்ந்தால் கட்டளை முறைக்குப் போய்விடும்.

பிளேயரின் டிஎக்ஸ் பின்னை எச்சி-12-க்குத் திருப்பி இணைக்க வேண்டாம். இணைத்தால் கோப்பு முடிந்த செய்தி ரிமோட்டுக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் பெட்டிக்குள் 100 மில்லிஆம்பியர் அளவில் ஒரு துடிப்பு எழும், ஹார்னில் ‘டிக்’ கேட்கும்; நீங்கள் அனுப்பும் கட்டளையோடு மோதவும் செய்யும்.

ஆயிரம் மீட்டர் என்ற விளம்பரத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். அது நொடிக்கு 5000 பிட் வேகத்துக்கானது. அதற்குச் சீரியலை 2400-க்கோ அதற்குக் கீழோ வைக்க வேண்டும், அப்போது ரிசீவரின் உணர்திறன் மைனஸ் 117 டிபிஎம். பிளேயர் 9600-ஐ விடாது என்பதால் காற்றில் 15000 பிட், உணர்திறன் மைனஸ் 112. அந்த 5 டெசிபெல் இழப்பிலேயே தூரம் ஏறக்குறைய பாதியாகிறது. பெட்டி தரையில் இருந்தால் இன்னும் சுருங்கும். கேம் காலருக்கு 150, 200 மீட்டர் போதும். அதை ஒழுங்கான ஆன்டெனாவோடு எச்சி-12 நம்பகமாகத் தரும். அனுப்பும் திறனை எட்டுப் படிகளில் மாற்றலாம். எட்டாவது 100 மில்லிவாட், நான்காவது 6 மில்லிவாட் அளவு. உங்கள் நாட்டு வரம்பு 10 மில்லிவாட் என்றால் நான்காவது படியில் வையுங்கள். இரண்டு மாட்யூலையும் ஒரே கடையில் ஒரே தொகுப்பிலிருந்து வாங்குங்கள். கிரிஸ்டல் விலகல் வேறுபட்டால் தூரம்தான் அடிவாங்கும்.

என்ஆர்எஃப்24எல்01-ஐ இதற்குப் பரிந்துரைக்க முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸை ஈர இலை குடித்துவிடும். இரு முனையிலும் மைக்ரோகன்ட்ரோலர் வேண்டும். எஸ்எக்ஸ்1278 லோரா மாட்யூல் தூரத்தில் எச்சி-12-ஐ வெல்லும், ஆனால் அதற்கும் பெட்டிக்குள் புரோகிராம் வேண்டும். அரை கிலோமீட்டர் தேவைப்படுபவர் மட்டும் அதைப் பார்க்கலாம்.

ரிமோட்

3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ புரோ மினி, எச்சி-12, ஒரு 18650 லித்தியம் செல், ஆறு பொத்தான். பொத்தான்களை உள் புல்லப்போடு கிரவுண்டுக்கு இணைத்தால் வெளி ரெசிஸ்டர் வேண்டாம். எச்சி-12-ஐப் புரோ மினியின் 3.3 வோல்ட் பின்னில் தொங்கவிடாதீர்கள். அனுப்பும்போது இழுக்கும் 100 மில்லிஆம்பியரில் ஆர்டுயினோ ரீசெட் ஆகும். செல்லிலிருந்து நேரே கொடுத்து, அதன் காலடியில் 100 மைக்ரோஃபாரட்டும் 0.1 மைக்ரோஃபாரட்டும் போடுங்கள். 0, 1 எண் பின்களில் இணைத்தால் புரோகிராம் ஏற்றும்போது தகராறு. 10, 11-ல் மென்பொருள் சீரியல் போதும்.

கட்டளை பத்து பைட். எம்பி3 ஃபோல்டரில் முதல் கோப்பை வாசிக்க, தசமத்தில்: 126, 255, 6, 18, 0, 0, 1, 254, 232, 239. நிறுத்த: 126, 255, 6, 22, 0, 0, 0, 254, 229, 239. வால்யூம் 20 வைக்க: 126, 255, 6, 6, 0, 0, 20, 254, 225, 239. முதலும் கடைசியும் எப்போதும் 126, 239. இரண்டாவது முதல் ஏழாவது வரையிலான ஆறு பைட்டையும் கூட்டி 65536-லிருந்து கழித்தால் வருவதுதான் எட்டாவதும் ஒன்பதாவதும். ஐந்தாவது பைட் 0 என்றால் பிளேயர் பதில் அனுப்பாது, அப்படியே வையுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். வால்யூமை ‘கூட்டு’, ‘குறை’ என்று அனுப்பாமல் எண்ணாகவே அனுப்புங்கள். ஒரு பாக்கெட் தவறினாலும் அடுத்தது சரிசெய்துவிடும். நிறுத்து, வால்யூம் இரண்டையும் 150 மில்லிநொடி இடைவெளியில் மூன்று முறை அனுப்பினால் தவறு நேராது. வாசி என்ற கட்டளையை மட்டும் ஒருமுறைதான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் குரல் தொடங்கித் தொடங்கி விக்கும்.

எச்சி-12 சும்மா இருக்க 16 மில்லிஆம்பியர், ஆர்டுயினோவுக்கு 5 அளவில். 2500 மில்லிஆம்பியர்மணிச் செல் நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். தூக்க நிலை, மாஸ்ஃபெட் என்று சிக்கலாக்க வேண்டியதில்லை. நல்ல ஸ்லைடு ஸ்விட்ச் ஒன்று போதும்.

பேட்டரி, கிரவுண்ட், பெட்டி

மூன்று 18650 தொடராக, 10 ஆம்பியர் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும்) போர்டோடு: நிறைந்தால் 12.6, காலியானால் 9 வோல்ட். 2500 மில்லிஆம்பியர்மணி செல் என்றால் 27 வாட்மணிக்குச் சற்று மேல். விட்டுவிட்டுக் கதறும் குரல்களில் சராசரி 4 வாட் போனால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. பேட்டரியின் பிளஸ் முனையிலேயே 3 ஆம்பியர் ஃப்யூஸ். ஆம்பின் சப்ளை முனையில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட்.

பிளேயருக்கும் ரேடியோவுக்கும் 5 வோல்ட் எடுக்க எல்லோரும் வோல்ட்டைக் குறைக்கும் எல்எம்2596 அல்லது எம்பி1584 பக் மாட்யூலைத்தான் கைநீட்டி எடுப்பார்கள். இங்கே பழைய 7805 ரெகுலேட்டர்தான் மேல். இரண்டுக்கும் சேர்த்து 60 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 7805-ல் எரிவது அரை வாட்டுக்கும் கீழே; ஹீட்சிங்க்கூட வேண்டாம். பக் மாட்யூல் மிச்சப்படுத்தும் அந்த அரை வாட்டுக்கு விலையாக விசில் இரைச்சலை ஆடியோவிலும் தரும், ரேடியோவிலும் தரும். 7805-ன் இன்புட்டில் 0.33, வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கட்டாயம்.

கிரவுண்டுக்கு ஒரே விதி: ஆம்பின் சப்ளை மைனஸ் முனைதான் எல்லோரும் கூடும் இடம். பேட்டரி மைனஸ் அங்கே வரட்டும். 7805-ன் கிரவுண்டுக்கு அங்கிருந்து தனி வயர். பிளேயரின் கிரவுண்ட் வழியாக ஆம்பின் மின்னோட்டம் போகும்படி சங்கிலியாக இணைத்தால், குரல் ஏற ஏற ஒரு முரட்டு உறுமலும் ஏறும், சில நேரம் பிளேயரே ரீசெட் ஆகும். ஆடியோ வயரின் கிரவுண்டில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் மிச்சமிருக்கும் ஹம் பெரும்பாலும் அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் 600:600 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர்.

ஆன்டெனா 433 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை, 17.3 செமீ நேர்க்கம்பி. எச்சி-12-ஓடு வரும் சுருள் ஸ்பிரிங் மேசைச் சோதனைக்குச் சரி, காட்டுக்குப் போதாது. கம்பி செங்குத்தாக, பெட்டிக்கு வெளியே நிற்க வேண்டும். ரிமோட்டிலும் அதே நிலை. இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனாவை வைத்தால் ரேடியோ செத்ததுபோல்தான். பெட்டியைத் தரையில் வைக்காமல் கிளையிலோ கம்பத்திலோ ஒரு மீட்டர் உயரத்தில் மாட்டுவது, அனுப்பும் திறனைக் கூட்டுவதைவிட அதிகப் பலன் தரும்.

டிபிஏ3118 நொடிக்கு நான்கு லட்சம் முறை அணைந்து எரியும் சிப். அதன் கூர்மையான விளிம்புகளின் எச்சங்கள் 433 மெகாஹெர்ட்ஸ் வரை சிதறும், ஹார்ன் வயர் அவற்றைப் பரப்பும் ஆன்டெனா ஆகிவிடும். ஹார்ன் வயரைக் குட்டையாக வெட்டி, இரண்டையும் முறுக்கி, ஆம்பை விட்டு வெளியேறும் இடத்தில் ஃபெரைட் வளையத்தில் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். எச்சி-12 ஆம்பிலிருந்து குறைந்தது 15 செமீ தள்ளியிருக்கட்டும்.

தூரச் சோதனையை எல்லோரும் தவறாகச் செய்வது இந்த இடத்தில்தான். பெட்டி மௌனமாக இருக்கும்போது 200 மீட்டரிலிருந்து வாசி என்று அழுத்தினால் குரல் வந்துவிடும், எல்லாம் சரி என்று தோன்றும். அப்போது ஆம்ப் மியூட்டில் கிடக்கிறது. ரிசீவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. வால்யூம் 30-ல் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே இடத்திலிருந்து நிறுத்து என்று அழுத்திப் பாருங்கள். நின்றால் அதுதான் உங்கள் பெட்டியின் உண்மையான தூரம். நிற்காவிட்டால் நிற்கும் இடம் வரை நடந்து வந்து அளந்துகொண்டு, வயரையும் ஆன்டெனாவையும் விலக்கி மறுபடி பாருங்கள். இணைப்பு அறுந்தால் குரல் தானாக ஓய வேண்டும் என்பதற்காகவே எந்தக் கோப்பையும் லூப்பில் போடாமல், மூன்று நான்கு நிமிடத்தில் முடியும்படி வெட்டி வையுங்கள்.